மருமகள் ரிப்போர்ட்டை மாமியார் கையில் கொடுத்துவிட்டோம். தப்பு யார் மேல்?

டார்க்ரூம் தம்பி (பாளையங்கோட்டை) எழுதியது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீசியனாக இருக்கிறேன். பதினோரு வருஷம் ஆச்சு. பெயரில்தான் டார்க்ரூம், நான் சேர்ந்த ஆறே மாதத்தில் டிஜிட்டல் வந்து, இருட்டறை ஸ்டோர் ரூம் ஆகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை நடந்தது. காலையில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்துநாலு வயசு, கல்யாணமாகி இரண்டு வருஷம், வயிற்று ஸ்கேன். கர்ப்பிணி அல்ல. சாயங்காலம் ஐந்து மணிக்கு ரிப்போர்ட் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். ஐந்து மணிக்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடுகிறது, பெஞ்சில் உட்கார இடமில்லை. அந்த நேரம் பார்த்து அவள் மாமியார் வந்தார். கையில் பில் இருந்தது, பேரையும் டோக்கன் நம்பரையும் சரியாகச் சொன்னார். கவரை எடுத்துக் கொடுத்தது கவுண்டரில் இருக்கும் பிள்ளை. "குடு" என்று தலையாட்டியது நான்.

கருப்பைக்குள் பிறவியிலேயே ஒரு தடுப்புச் சவ்வு இருப்பதாக டாக்டர் எழுதியிருந்தார். சின்ன ஆபரேஷனில் சரிசெய்யக்கூடியதுதான். மாமியார் அதை நேரே மெடிக்கல் ஷாப்பில் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர் என்ன சொன்னாரோ, ஊருக்குப் போவதற்குள் "இவளுக்குப் பிள்ளை நிக்காது" என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் அந்தப் பெண் அண்ணனோடு வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "என் வயித்துக்குள்ள இருக்கதை எனக்கு முன்னால தெருவே பாத்துட்டு சார்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

முதலாளி "பில் இருந்தா குடுக்க வேண்டியதுதான், நாம என்ன செய்ய முடியும்" என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வள்ளியூர் வாத்தியார் எழுதியது:

தம்பி மனசு கஷ்டப்படுகிறது, சரி. ஆனால் இதில் சென்டர் மேல் என்ன தப்பு? ஸ்கேனுக்குப் பணம் கட்டியது மாமியார்தானே? நம்மூரில் யார் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? உள்ளே ஒருவர் படுத்திருந்தால் வெளியே ஆறு பேர் தூக்குவாளியோடு நிற்பார்கள். குடும்பத்துக்குள் என்ன ரகசியம்?


மூன்றடைப்பு நர்ஸக்கா எழுதியது:

சார், பணம் கட்டினால் வயிறும் சேர்த்து எழுதிக் கொடுத்ததாகி விடுமா? நீங்கள் பீஸ் கட்டிய பையனின் டைரியைப் படிப்பீர்களா? (படிப்பீர்கள் போல. விடுங்கள்.)


கல்லிடை வக்கீல் எழுதியது:

தம்பி, சுருக்கமாகச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டாக்டர்களுக்கான நடத்தை ஒழுங்குமுறை 2002-ல் வந்தது. 2023 ஆகஸ்டில் புதிதாக ஒன்று அறிவித்தார்கள், அதே மாதமே நிறுத்தியும் வைத்தார்கள். ஆக, 2002 விதிதான் பேசும். அதன்படி உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். யாருக்கு? நோயாளிக்கு, அவர் அதிகாரம் கொடுத்த உதவியாளுக்கு, அல்லது சட்டப்படி கேட்கும் அதிகாரிக்கு. 'அதிகாரம் கொடுத்த' என்ற சொல்லில்தான் உங்கள் விஷயமே நிற்கிறது. பில் கையில் இருப்பது அதிகாரம் ஆகாது. மாமியார் என்ற உறவும் ஆகாது. புருஷனே வந்தாலும் அதே கேள்விதான்: அவள் சொன்னாளா?

"அது டாக்டருக்கான விதி, நான் டெக்னீசியன்" என்று தப்பிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. 1995-ல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. கவுண்டரில் கவரை மாற்றிக் கொடுத்தாலும் ஆள் மாற்றிக் கொடுத்தாலும் அது சேவைக் குறைபாடு என்று அந்தப் பெண் வாதாட இடம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். பதில் சொல்ல வேண்டியது சென்டர், அதாவது உங்கள் முதலாளி. "நாம என்ன செய்ய முடியும்" என்பதை அவர் அங்கே போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

கிரிமினல் கேஸ் ஆகுமா என்று பயப்பட வேண்டாம். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் மருத்துவத்தில் குற்றவியல் அலட்சியம் என்றால் அது மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அதுவும் உயிர், உடல் சம்பந்தப்பட்டது. உங்களுடையது அந்த வகையில் வராது.

ஆனால் தம்பி, கேஸ் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசும்படி முதலாளியிடம் சொல்லுங்கள்.


சுரண்டை ராசாத்தி எழுதியது:

எங்க அம்மா பீடி சுத்துறவங்க. நாலு வருஷத்துக்கு முன்னால் விடாத இருமல் என்று எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனேன். ஊர், சென்டர் பேர் வேண்டாம். படம் எடுத்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, வாசலில் வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழும்படி, "டி.பி. மாதிரி இருக்கு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். வரிசையில் எங்கள் தெருக்காரம்மா இருந்தார்.

சளி டெஸ்டில் டி.பி. இல்லை என்று வந்தது. ஆனால் அதற்குள் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றும் திண்ணையில் அம்மாவுக்கு இடம் விடவில்லை. அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சுற்றினாள், ஒன்றரை மாசம்.

டார்க்ரூம் தம்பி, உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவாவது செய்கிறீர்கள்.


டார்க்ரூம் தம்பி எழுதியது:

அக்கா, படித்ததும் வாய் அடைத்துவிட்டது. படம் எடுத்தவுடன் "என்ன தம்பி இருக்கு?" என்று கேட்காத ஆள் கிடையாது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பார்கள். பயத்தில்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் "திமிரு" என்பார்கள், சொன்னால் இப்படி ஆகிறது.

ஒரு சந்தேகம். டி.பி. என்றால் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறார்களே, அது ரகசியத்தை மீறுவது ஆகாதா?


ஓய்வுபெற்ற நிழற்பட டாக்டர் எழுதியது:

முப்பத்திரண்டு வருஷம் ரேடியாலஜி பார்த்தவன். இப்போது வீட்டில் பேரன் செல்போனை ரிப்பேர் பார்க்கிறேன்.

டி.பி.க்குத் தனி ஏற்பாடு உண்டு. 2012-லிருந்து தனியார் உட்பட எந்த இடத்தில் டி.பி. கண்டுபிடித்தாலும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். அது அதிகாரிக்குப் போகும் தகவல். மருந்து ஒழுங்காகப் போய்ச் சேரவும், கூட இருப்பவர்களைப் பரிசோதிக்கவும்தான். வரிசையில் நிற்கும் தெருக்காரம்மாவுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. தவிர, நிழற்படத்தை மட்டும் பார்த்து டி.பி. என்று எந்த ரேடியாலஜிஸ்டும் சத்தியம் பண்ண மாட்டான். "பொருந்துகிறது, சளி பாருங்கள்" என்றுதான் எழுதுவான். முப்பது வருஷம் பார்த்தவனே தயங்கி எழுதும் இடத்தில் அந்தப் பையன் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

தம்பி, "என்ன இருக்கு" என்று கேட்டால் ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: "படம் நல்லா விழுந்திருக்கு, டாக்டர் பார்த்துச் சொல்லுவாங்க." சிரித்த முகமாகச் சொல்லுங்கள். நீங்கள் முகத்தைச் சுருக்கினாலே பாதி ரிப்போர்ட் போய்விடும்.

டெக்னீசியன் பொறுப்பு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எக்ஸ்ரே பிலிம் வைக்கும் கேசட் ஓரத்தில் வலது, இடது என்று ஒட்டும் ஈய எழுத்து இருக்கிறதே, கைவிரல் நகம் அளவு. ஒருநாள் ராத்திரி ஒரு பெரியவரின் நெஞ்சுப் படம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க நீர். எழுத்து இல்லை. வார்டில் இளம் டாக்டர் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு என்னவோ உறுத்தியது. இரைப்பையின் காற்றுக் குமிழ் இடப் பக்கம் உதரவிதானத்துக்குக் கீழே தெரிய வேண்டும், இதில் எதிர்ப்பக்கம் தெரிகிறது. ஓடிப்போய்ப் பெரியவரின் முதுகில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தேன். படம் சொன்ன பக்கம் டங்கென்று ஒலித்தது, அதாவது உள்ளே காற்று; நீர் மறுபக்கம். படத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஊசி இறங்கியிருந்தால் நல்ல நுரையீரலில் ஓட்டை. டிஜிட்டலில் எழுத்தைப் பிறகு மவுஸால் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். அதனால் ஆபத்து கூடித்தான் போயிருக்கிறது. எடுக்கும்போதே ஈய எழுத்தை ஒட்டுங்கள்.


வள்ளியூர் வாத்தியார் எழுதியது:

முதலில் எழுதியதைக் கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன். முழுக்க அல்ல.

என் மனைவிக்கு ஆறு வருஷத்துக்கு முன் கேன்சர். சி.டி. ரிப்போர்ட்டை நான்தான் வாங்கினேன். அவளிடம் காட்டவில்லை. "கட்டி, கரைச்சிடலாம்" என்றேன். பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். கடைசிவரை அவள் கேட்கவும் இல்லை. வக்கீல் அண்ணாச்சி சொல்வதைப் பார்த்தால் அதுவும் தப்பா? அந்தக் கவரை என் கையில் கொடுத்தவரும் தப்பு செய்தவரா?


ஓய்வுபெற்ற நிழற்பட டாக்டர் எழுதியது:

சார், இதற்கு ஒரே அடியில் பதில் கிடையாது. அதே 2002 விதியில் நோயின் கடுமையைக் கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே என்று இருக்கிறது. கூடவே, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எது நல்லதோ அதற்குத் தேவையான அளவு விவரம் நோயாளிக்கோ உறவினருக்கோ பொறுப்பான நண்பருக்கோ தெரிந்திருக்கும்படி பார்த்துக்கொள் என்றும் இருக்கிறது. நம்மூர் குடும்பத்தை அறிந்தவர்கள் எழுதிய வாசகம். ஆக உறவினரிடம் சொல்வதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதை முடிவுசெய்வது நோயாளியை அறிந்த டாக்டர். நோயாளியைப் பார்த்து, "ரிசல்ட்டை யாரிடம் பேசட்டும்?" என்று கேட்டு. சில பேர் "அவுககிட்ட சொல்லிடுங்க டாக்டர்" என்பார்கள். கேட்காமல் இருப்பதும் அவர்கள் உரிமைதான். உங்கள் மனைவி தெரிந்துகொண்டே கேட்காமல் இருந்திருக்கலாம். நான் அப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இங்கே யாருக்கும் தகுதி இல்லை.

தம்பியின் கவுண்டரில் நடந்தது வேறு. அங்கே யாரும் எதையும் யோசிக்கவே இல்லை.


மூன்றடைப்பு நர்ஸக்கா எழுதியது:

வாத்தியார் சார், முன்னால் கேலியாகப் பேசிவிட்டேன். மன்னிக்கணும்.

கர்ப்பிணி ஸ்கேன் பக்கம் வந்தால் இன்னும் கூத்து. ஒரு ஆச்சி, பேத்தியோடு வந்தவர், டாக்டரம்மாவிடம் ரொம்பப் பவ்யமாகக் கேட்டார்: "தாயி, நேர்ச்சை இருக்கு. பேச்சிமுத்துன்னு வைக்கவா, பேச்சியம்மாள்னு வைக்கவா?" ஆணா பெண்ணா என்று கேட்கவே இல்லை பாருங்கள்! டாக்டரம்மா ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேருலயும் பேச்சி இருக்கால்லா ஆச்சி, அவ பாத்துக்கிடுவா" என்று அனுப்பிவிட்டார்.


கல்லிடை வக்கீல் எழுதியது:

டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் வருஷச் சட்டம் ஐந்தாம் பிரிவில் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ தெரிவிக்கக் கூடாது என்று இருக்கிறது. 'வேறு எந்த விதத்திலோ' என்பதில் பேச்சிமுத்துவும் அடக்கம். முதல் முறை மூன்று வருஷம் வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம், சமரசமும் செல்லாது.

அந்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு, 24. பாலினம் அறிய ஸ்கேன் எடுத்தது நிரூபணமானால், புருஷனோ உறவினரோ அந்தப் பெண்ணைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். கவுண்டருக்கு வெளியே நிற்கும் குடும்பம் எப்படிப்பட்டது என்று இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.


டார்க்ரூம் தம்பி எழுதியது:

அந்தச் சட்டம் என்றாலே எங்களுக்கு, ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் நிரப்பும் எஃப் படிவம்தான். ஒரு கட்டம் விட்டுப்போனாலும் மிஷினுக்கு சீல். ஒரு கையெழுத்துக்காகவா இவ்வளவு என்று எல்லா சென்டரிலும் புலம்பல் உண்டு அண்ணாச்சி.


கல்லிடை வக்கீல் எழுதியது:

அதே புலம்பலைத்தான் மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2019 மே மாதம் தீர்ப்பு. படிவத்தைச் சரியாக வைக்காததை வெறும் குமாஸ்தாத் தவறு என்று ஒதுக்க முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். காரணம் எளிது. மூடிய அறைக்குள் டாக்டர் என்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி கிடையாது. ஏன் ஸ்கேன் எடுத்தார்கள், யார் அனுப்பினார்கள் என்பதற்கு அந்தத் தாள் மட்டும்தான் இருக்கிறது. அதையும் காலியாக விட்டால் சட்டத்தில் மிச்சம் என்ன? இரண்டு வருஷம் பத்திரப்படுத்துங்கள், மாசாமாசம் 5-ம் தேதிக்குள் அறிக்கை அனுப்புங்கள். கஷ்டம்தான், தெரிகிறது.


மேலப்பாளையம் பாய் எழுதியது:

நானும் ஒன்று கேட்கிறேன். என் சின்ன மகனுக்குக் கை உடைந்து எக்ஸ்ரே எடுக்கப் போனோம். பையன் ஆடிக்கொண்டே இருந்தான். "தாயார் உள்ளே வந்து பிடிங்க" என்றார்கள். என் மனைவி அப்போது மூன்று மாசம். அவளாகச் சொன்னதால் ஆச்சு, நான் போய்ப் பிடித்தேன். அவர்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டுமா இல்லையா?


டார்க்ரூம் தம்பி எழுதியது:

கட்டாயம் கேட்டிருக்க வேண்டும் பாய். குழந்தையையோ முடியாதவர்களையோ பிடிக்க வேண்டி வந்தால் கூட வந்த பெரியவர்தான் பிடிக்க வேண்டும், ஊழியர் பிடிக்கக் கூடாது. இது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. நாங்கள் நாள் பூரா பிடித்தால் எங்கள் கதிர்க் கணக்கு ஏறிக்கொண்டே போகும் என்பதால்தான். பிடிப்பவருக்கு ஈய ஏப்ரன் கொடுக்க வேண்டும். பெண் என்றால் மாசமாக இருக்கிறாயா என்று முதலில் கேட்க வேண்டும். பயப்படும் அளவு கதிர் ஒன்றும் அதில் இல்லை, கைப்படத்தில் ரொம்ப ரொம்பக் குறைவு. ஆனாலும் கேட்காதது தப்பு.

எங்களுக்கே வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிரை அளக்கும் அலகு) என்று வரம்பு உண்டு. அளக்க டி.எல்.டி. பேட்ஜ் கொடுப்பார்கள். ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் குத்த வேண்டும். எங்கள் பழைய சீனியர் ஒருவர் அதை எக்ஸ்ரே ரூம் ஆணியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். மூன்று மாசம் கழித்து அவருக்கு எக்கச்சக்க டோஸ் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆணிக்கு வந்த டோஸ் அது!


சுரண்டை ராசாத்தி எழுதியது:

கதிர் ஆபத்து என்கிறீர்கள். அப்புறம் ஏன் தலைவலி என்று போனாலும் சி.டி. எழுதுகிறார்கள்? ஒரு சென்டர் பேரைச் சொல்லி "அங்கதான் எடுக்கணும்" என்கிறார்களே, அது எந்த விதி?


ஓய்வுபெற்ற நிழற்பட டாக்டர் எழுதியது:

அது விதியே இல்லை அம்மா, கமிஷன். ஆளை அனுப்புவதற்குக் காசு கொடுப்பதும் வாங்குவதும் 2002 விதிப்படி தடை. மாசக் கடைசியில் கவர் வருவது ஊருக்கே தெரியும். என்னையும் கேட்டு வந்தார்கள். நான் கொடுக்க மாட்டேன் என்றதும் ஒரு வருஷம் என் சொந்த மிஷின் ஈ ஓட்டியது. தவணை கட்ட மனைவியின் வளையல் போனது. இதில் ரொம்பப் பேச எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும்: நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட்டைச் சுற்றித்தான், வயிற்று சி.டி. 8, 10 என்று போகும். தேவைக்கு எடுத்தால் உயிர் காக்கும். கவருக்காக எடுத்தால் காசும் வீண், கதிரும் வீண். எந்த சென்டரில் எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். சீட்டை வாங்கிக்கொண்டு நீங்கள் நம்பும் இடத்துக்குப் போங்கள்.


டார்க்ரூம் தம்பி எழுதியது:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். வக்கீல் அண்ணாச்சி எழுதியதைப் பிரிண்ட் எடுத்து முதலாளி மேஜையில் வைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவரே கூப்பிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் போடச் சொன்னார்.

அம்மாவோடு வந்தாள். எங்கள் டாக்டர் ஸ்கிரீனில் படத்தைப் போட்டு, கருப்பை எப்படி இருக்கும், இவளுக்குச் சவ்வு எந்த இடத்தில் இருக்கிறது, அதை எப்படி எடுப்பார்கள் என்று இருபது நிமிஷம் காட்டினார். "கவரைக் கொடுத்தது எங்க தப்பு" என்றும் சொன்னார். முதலாளி பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. புது கவரை ஹேண்ட்பேக்கில் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டு போனாள். ஊரில் போன பேச்சை எங்களால் திருப்பி வாங்க முடியாது, அது தெரிகிறது.

இப்போது பில் போடும்போதே ஒரு சீட்டு கொடுக்கிறோம். "ரிப்போர்ட்டை யாரிடம் கொடுக்கலாம்?" நோயாளியே எழுத வேண்டும். முதல் நாளே ஒரு பிள்ளை "எனக்கு மட்டும்" என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டாள். கூட வந்தவர்கள் சண்டைக்கு வருகிறார்கள், கவுண்டர் பிள்ளை சமாளிக்கிறாள்.

ஒரு சிக்கல். எழுதத் தெரியாத ஆச்சிமாருக்கு என்ன செய்ய? கூட வருகிறவர்களே எழுதி, கைநாட்டு வைக்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.


கல்லிடை வக்கீல் எழுதியது:

நீங்களோ நர்ஸோ வாசித்துக் காட்டி, சொன்னதை எழுதி, கைநாட்டுக்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள்.


சுரண்டை ராசாத்தி எழுதியது:

அதை ஸ்கேன் ரூமுக்குள்ளே வைத்துக் கேளுங்கள் தம்பி. கூட வந்தவர்கள் வெளியேதானே நிற்பார்கள். எங்க அம்மாகிட்ட யாராவது அப்படிக் கேட்டிருந்தா, "எம்மவகிட்ட மட்டும் குடு"ன்னு சொல்லியிருப்பா.